சிராய் பொறுக்குவதா, வலையையே புதிதாகப் பின்னுவதா? முப்பரிமாணக் கணக்கு வலைகளைச் சீராக்கும் வழிகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சிப் பக்கத்துக் கோயில் ஒன்றின் தேருக்கு, அச்சைத் தாங்கும் இரும்புத் தாங்கி ஒன்றைப் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. பழையதற்கு வரைபடம் கிடையாது. செய்தவரும் உயிரோடு இல்லை. பட்டறைக்காரர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "தம்பி, இதே தடிப்பில் செய்தால் போதுமா, கூட்ட வேண்டுமா?"

தாங்கியைக் கைப்பேசியால் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தேன். படங்களிலிருந்து முப்பரிமாண உருவத்தை உண்டாக்கி, அதன் உள்ளே நான்கு முக்கோண முகங்கள் கொண்ட சின்னத் துண்டுகளை, அதாவது நான்முகிகளை நிரப்பி, கால்குலிக்ஸ் மென்பொருளில் பாரம் ஏற்றிப் பார்த்தேன். இப்படி நிரப்பியதைத்தான் வலை என்பார்கள்; ஒவ்வொரு துண்டும் ஒரு மூலகம், துண்டுகளின் மூலைகள் கணுக்கள். விடை வந்தது. தாங்கியின் தட்டையான பக்கத்தின் நடுவில், பாரம் எதுவும் நேரே விழாத இடத்தில், கடுகளவில் ஒரு சிவப்புப் புள்ளி. பட்டறைக்காரர் திரையில் தூசி என்று நினைத்துப் பெருவிரலால் துடைத்தார். புள்ளி போகவில்லை. அந்த ஓரிடத்தில் மட்டும் தகைப்பு (பரப்பலகு ஒன்றில் விழும் உள்விசை), இரும்பு தாங்கக்கூடியதைப் போல நான்கு மடங்கு என்று கணினி சொன்னது.

இரும்பில் பிழையில்லை, வலையில்தான் பிழை. இப்படி ஒரு வலை கையில் இருக்கும்போது அடுத்து என்ன செய்வது என்பதற்கு ஐந்தாறு வழிகள் உண்டு. எல்லாவற்றையும் எட்டு ஜிகாபைட் நினைவகமுள்ள என் மடிக்கணினியில் முயன்று பார்த்திருக்கிறேன். இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்காக இதே சிக்கலோடு வரும் மாணவர்களிடம் வழக்கமாகச் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

கெட்ட மூலகம் எது?

ஆறு விளிம்பும் சமமான நான்முகியில், இரண்டு முகங்கள் சந்திக்கும் கோணம் ஏறத்தாழ 70.5 பாகை. ஒரே விளிம்பைச் சுற்றி அப்படிப்பட்ட ஐந்தை அடுக்கினால் 352.6 பாகைதான் நிரம்பும், மீதி 7.4 பாகை இடைவெளியாக நிற்கும். ஆறாவதற்கு இடமில்லை. ஆகவே எல்லா மூலகமும் அப்பழுக்கற்றதாக இருக்கும் வலை என்று ஒன்று உலகத்தில் இருக்க முடியாது. கோணல் எவ்வளவு, எங்கே என்பதுதான் பேச்சு.

தொல்லை தரும் வடிவங்களில் தலையானதை நான் சிராய் என்றே அழைக்கிறேன். மரம் சீவும்போது விரலில் ஏறுமே, அதே சிராய்தான். ஒரு கோளத்தின் நடுக்கோட்டை ஒட்டி நான்கு புள்ளிகளை ஏறக்குறையச் சம இடைவெளியில் வைத்து இணைத்துப் பாருங்கள். விளிம்புகளின் நீளத்தில் குறை சொல்ல முடியாது. முகங்களைத் தனித்தனியே பார்த்தால் நல்ல முக்கோணங்கள். ஆனால் நான்கு புள்ளிகளும் ஏறத்தாழ ஒரே தளத்தில் கிடப்பதால் கனவளவு கிட்டத்தட்டச் சுழி. சில விளிம்புகளில் கோணம் 0 பாகையை நெருங்கும், சிலவற்றில் 180ஐ நெருங்கும். எந்த மூலகத்தின் சுற்றுக்கோளத்துக்குள்ளும் வேறு கணு இருக்கக் கூடாது என்று போரிஸ் டெலோனே 1934இல் எழுதிய விதியின்படி இணைக்கும் முறையையே இன்றும் பல வலை மென்பொருள்கள் பின்பற்றுகின்றன. இருபரிமாணத்தில் அந்த விதி, இருக்கும் புள்ளிகளைக் கொண்டு சின்னக் கோணத்தை முடிந்தவரை பெரிதாக்கித் தரும். முப்பரிமாணத்தில் அந்த உத்தரவாதம் கிடையாது. சிராய்கள் விதியை மீறாமலே உள்ளே புகுந்துவிடும்.

சராசரித் தரத்தை நம்பாதீர்கள் என்பது என் முதல் வேண்டுகோள். என் தாங்கி வலையில் ஆறு இலட்சத்துக்கு மேல் மூலகங்கள் இருந்தன. சராசரி அழகாகத்தான் இருந்தது. கடைசியில் நின்ற இருபது முப்பது மூலகங்கள்தாம் கணக்கைக் கெடுத்தன. கணக்கைப் படமாகக் காட்டும் பாராவியூ மென்பொருளில் தர வடிகட்டியைப் போட்டு, மிக மோசமான மூலகங்களை மட்டும் தனியே நிறமிட்டு, அவை எந்த இடத்தில் குவிந்திருக்கின்றன என்று பாருங்கள். உள்ளே சிதறிக் கிடக்கின்றனவா, மேற்பரப்பை ஒட்டிக் கிடக்கின்றனவா? இனிமேல் சொல்லப்போகும் தெரிவுகள் எல்லாம் அந்த ஒரு விடையில்தான் தொங்குகின்றன.

எதற்காகக் கணக்கிடுகிறீர்கள் என்பதும் வேண்டும். மிகச் சின்னக் கோணங்கள் சமன்பாட்டுத் தொகுதியை நொய்மையாக்கும். படிப்படியாக விடையை நெருங்கும் தீர்வு முறைகள் அப்போது நொண்டும். 180 பாகையை ஒட்டிய பெரிய கோணங்களின் கேடு வேறு வகை. பபுஷ்காவும் அசீஸும் 1976இல் முக்கோணங்களுக்குக் காட்டியது இதுதான்: விடையின் சரிவை, அதாவது இடத்துக்கு இடம் அது மாறும் வீதத்தைக் கெடுப்பது சின்னக் கோணமல்ல, பெரிய கோணமே. தகைப்பு என்பது இடப்பெயர்ச்சியின் சரிவிலிருந்து வருவது. அதனால்தான் என் தாங்கி எவ்வளவு வளைகிறது என்ற எண் சரியாக இருந்தும், தகைப்புப் படத்தில் பொய்ச் சிவப்பு விழுந்தது. மோதல் போன்ற குறுநேரக் கணக்காக இருந்தால் மூன்றாவது கேடு ஒன்று சேரும், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நீர், காற்று ஓட்டத்துக்கு ஓபன்ஃபோம் பயன்படுத்துபவர்களுக்கு அளவுகோலே வேறு. அங்கே வலைச் சோதனை, அடுத்தடுத்த மூலகங்களின் மையங்களை இணைக்கும் கோடு, இடையிலுள்ள முகத்தின் செங்குத்துத் திசையிலிருந்து விலகுவது 70 பாகையைத் தாண்டினாலோ முகத்தின் கோணல் அளவு 4ஐத் தாண்டினாலோதான் முறையிடும். தகைப்புக்கு நல்ல வலை ஓட்டத்துக்கும் நல்லதாக இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

கணுவை நகர்த்துதல்

எல்லோரும் முதலில் கை வைப்பது இதில்தான், நானும் அப்படித்தான். ஒவ்வொரு கணுவையும் அதன் அயற்கணுக்களின் நடுவுக்கு நகர்த்துவது. இலப்பிளாசு முறை என்பார்கள். நொடிகளில் முடியும். ஆனால் அது மூலகத்தின் தரத்தைப் பார்ப்பதே இல்லை, இடைவெளியைத்தான் சமன்செய்கிறது. சிராயின் கணுக்கள் ஏற்கெனவே சம இடைவெளியில் இருப்பவை. எனவே சிராய் அசையாமல் இருந்த இடத்திலேயே இருக்கும். உட்குழிந்த இடங்களில் கணு எல்லைக்கு வெளியே வழுக்கி மூலகத்தைக் குடைசாய்த்துவிடுவதும் உண்டு. தரம் கூடினால் மட்டும் நகர்வை ஏற்கும் திருத்தப்பட்ட வடிவத்தையாவது பயன்படுத்துங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து மேற்பரப்பில் இருக்கிறது. உள்ளே இருக்கும் கணுக்களோடு மேற்பரப்புக் கணுக்களையும் சேர்த்து நகர்த்தினால் உருவம் சுருங்கும். டாபின் 1995இல் ஒரு மாற்று சொன்னார்: ஒருமுறை உள்ளே தள்ளு, மறுமுறை வெளியே தள்ளு. சுருக்கம் அதனால் தடைப்படும், ஆனால் கூர்மூலை மழுங்குவது தடைப்படாது. என் தாங்கியில் முதல் நாள் இரவு நான் செய்தது இந்தத் தவறுதான். மேற்பரப்பையும் சேர்த்து இருபது தடவை மெழுகினேன். சிவப்புப் புள்ளி மறைந்தது, படம் பார்க்க மிக அழகாக வந்தது. தடிப்புப் போதும் என்று சொல்வதற்குத் தொலைபேசியைக் கையில் எடுத்தும்விட்டேன். அப்போதுதான் தட்டும் தட்டும் சேரும் உள்மூலையின் வளைவு, பழைய இரும்பில் இருப்பதைவிட இரண்டு மடங்கு அகலமாகியிருப்பதைக் கண்டேன். தகைப்பு குவிய வேண்டிய இடத்தையே தேய்த்து அழித்துவிட்டு, தகைப்பே இல்லை என்று மகிழ்ந்திருக்கிறேன்.

உள்ளே மட்டும், மேற்பரப்பைப் பூட்டிவைத்துவிட்டு, வேறு முறைகளுக்குத் துணையாகப் பயன்படுத்தினால் இலப்பிளாசு முறை நல்ல வேலைக்காரன். தனியே விட்டால் ஆகாது.

இணைப்பை மாற்றுதல்

குருநகரில் வலை செப்பனிடுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு முடிச்சை இழுத்தால் சுற்றியுள்ள கண்கள் எல்லாம் இழுபடும். சில இடங்களில் இழுத்துப் பயனில்லை. நூலை அறுத்து வேறு முடிச்சோடுதான் கட்ட வேண்டும். நான்முகி வலையிலும் அப்படி ஒரு வேலை உண்டு. ஒரு முகத்தைப் பகிரும் இரண்டு நான்முகிகளைக் கலைத்து, ஒரு விளிம்பைச் சுற்றிய மூன்றாக மாற்றலாம். மூன்றை மீண்டும் இரண்டாக்கலாம். கணுக்கள் இருந்த இடத்திலேயே இருக்க, யாரோடு யார் என்பது மட்டும் மாறும். சிராய்க்கு இதுவே நேரடி மருந்து.

ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. இருபரிமாணத்தில் விளிம்புகளை மாற்றிக்கொண்டே போனால் டெலோனே வலையை அடைந்தே தீருவோம் என்று லாசன் 1977இல் காட்டினார். முப்பரிமாணத்தில் அப்படிப் போகும்போது பாதியில் முட்டிக்கொண்டு நிற்கலாம் என்று பாரி ஜோ 1989இல் காட்டினார். அப்படி முட்டிய இடத்தில் கணுவைச் சற்று நகர்த்தினால் வழி திறக்கும். ஃப்ரைடாகும் ஒலிவியே-கூச்சும் 1997இல் சொன்னதன் சாரம் இந்தக் கூட்டுதான்: மாற்று, நகர்த்து, மறுபடி மாற்று. நகர்த்தும்போது நடுவுக்கு நகர்த்தாமல், சுற்றியுள்ள மிக மோசமான மூலகம் எந்த இடத்தில் தேறுமோ அந்த இடத்துக்கு நகர்த்த வேண்டும்.

இதற்குப் பணம் கட்டத் தேவையில்லை. கெஸேனும் ரெமாகிலும் உருவாக்கிய, வலை பின்னும் மென்பொருளான ஜிமெஷ் இலவசம். அதன் வழக்கமான சீராக்கம் தானாகவே ஓடும். ஷோபர்லின் நெட்ஜென் சீராக்கியும் அதற்குள் இருக்கிறது, ஆனால் அதை நீங்களாக இயக்க வேண்டும். இந்த இரண்டாவது இருப்பது தெரியாமலே வலை மோசம் என்று வருந்துபவர்கள் பலர். முதலில் அதை இயக்கிவிட்டு வருந்துங்கள்.

இன்னும் கடுமையான முறை வேண்டுமென்றால் கிளிங்னரும் ஷூசுக்கும் 2007இல் வெளியிட்டது இருக்கிறது. நகர்த்தல், மாற்றல் ஆகியவற்றோடு புதுக் கணுவைச் செருகுதலையும் சேர்த்தார்கள். பெரும்பாலான வலைகளில் எல்லாக் கோணங்களையும் 31க்கும் 149க்கும் இடையே கொண்டுவர முடிந்தது. நேரம் இரண்டாம்பட்சம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். அது ஆய்வுக்கான நிரல். இறக்கி, தொகுத்து, ஓட்டும் பொறுமை வேண்டும். நிலையான பாரக் கணக்குக்கு அவ்வளவு தேவையில்லை என்பது என் எண்ணம்.

மோதல் கணக்குக்கு நிலைமை வேறு. இழுபடும் தேரை நிறுத்தச் சில்லுக்கு அடியில் முட்டுக்கட்டை போடுகிறார்களே, அந்த இடியைக் கணக்கிடுவதாக வைத்துக்கொள்வோம். உருக்கில் அதிர்வலை நொடிக்கு ஏறத்தாழ 5000 மீற்றர் ஓடும். அலை ஒரு மூலகத்தைக் கடக்கும் நேரத்துக்குள் ஒவ்வொரு காலப்படியும் அடங்க வேண்டும். மூலகத்தின் உயரம் 2 மில்லிமீற்றர் என்றால் படி 0.4 மைக்ரோநொடி, பத்தில் ஒரு நொடியைக் கணக்கிட 2.5 இலட்சம் படிகள். 0.02 மில்லிமீற்றர் உயரத்தில் ஒரேயொரு சிராய் எங்கோ கிடந்தாலும், முழு வலையும் அதன் நடைக்கே நடக்க வேண்டும், 2.5 கோடிப் படிகள். மாலையில் தொடங்கி இரவில் முடியும் வேலை வாரக்கணக்கில் இழுக்கும். இங்கே கடைசிச் சிராயையும் பிடுங்குவதற்குச் செலவிடும் நேரம் வீணாகாது.

ஆனால் மேற்பரப்பைப் பூட்டிவைத்துச் செய்யும் கணு நகர்த்தலோ இணைப்பு மாற்றலோ தீண்டாதது மேற்பரப்பு. ஊசிபோன்ற முக்கோணம் ஒன்று மேற்பரப்பில் இருந்தால், அதன்மேல் நிற்கும் நான்முகியை எப்படிப் புரட்டினாலும் அது கெட்ட நான்முகிதான். என் தாங்கியின் கெட்ட மூலகங்களில் பெரும்பகுதி அங்கேதான் இருந்தது. நெட்ஜென் சீராக்கி உள்ளே இருந்தவற்றைக் களைந்தது, தோலை ஒட்டியிருந்தவற்றில் கை வைக்கவில்லை.

புதிதாகப் பின்னுதல்

ஆக, தோல் கெட்டிருந்தால் வலையைத் திருத்துவதில் பொருளில்லை. பின்னே போக வேண்டும். எவ்வளவு பின்னே என்பதில்தான் தெரிவு.

அருகில் உள்ள படி, அந்த முக்கோண மேற்பரப்பை மெஷ்லாப் போன்ற ஒரு மென்பொருளில் ஏற்றி, ஓட்டைகளை அடைத்து, ஒரே அளவு முக்கோணங்களாக்கி, மீண்டும் நிரப்புவது. கையாலே செய்யும் வேலை, சலிப்பூட்டும். ஒன்றையொன்று வெட்டும் முக்கோணங்கள் இரண்டு மிஞ்சினாலும் நிரப்பும் மென்பொருள் மறுத்துவிடும்.

அந்தச் சலிப்புக்கு மாற்றாக வந்தது டெட்வைல்ட் மென்பொருள், 2018. அதன் வேகமான தம்பி எஃப்டெட்வைல்ட், 2020. ஓட்டை, வெட்டு, ஒட்டாத முக்கோணம் எது இருந்தாலும் வாங்கிக்கொள்ளும். மூல மேற்பரப்பைச் சுற்றி ஒரு மெல்லிய உறை போட்டு, அந்த உறைக்குள் மேற்பரப்பு நகரலாம் என்று சலுகை தந்து, உள்ளும் புறமும் சேர்த்துச் சீராக்கும். வழக்கமான உறைத் தடிப்பு, பொருளைச் சூழ்ந்த பெட்டியின் மூலைவிட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. என் தாங்கிக்கு 40 சென்ரிமீற்றர் மூலைவிட்டம், உறை 0.4 மில்லிமீற்றர். உள்மூலை வளைவு 6 மில்லிமீற்றர் என்பதால் அது தப்பியது. 0.3 மில்லிமீற்றர் இடைவெளி எங்காவது இருந்திருந்தால் ஒட்டிப்போயிருக்கக்கூடும். உறையின் அளவைப் பார்க்காமல் இதை ஓட்டாதீர்கள்.

சீரான அடுக்கை வைத்து உருவத்தை நிரப்பி ஓரத்தை வெட்டும் முறையும் உண்டு. லபெலும் ஷூசுக்கும் 2007இல் தந்தது. எல்லா மூலகமும் ஒரே அளவில் இருக்கும்போது கோணங்கள் 10.7க்கும் 164.8க்கும் இடையே இருக்கும் என்று நிறுவியே காட்டினார்கள். வேகமும் உத்தரவாதமும் ஒருங்கே கிடைக்கும், ஆனால் கூர்விளிம்புகள் உருண்டுவிடும். மாமிசம், மெழுகு, களிமண் போன்ற உருண்ட பொருள்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரும்புத் தாங்கிக்கு வேண்டாம்.

இவை எல்லாவற்றுக்கும் முந்தைய படி ஒன்றிருக்கிறது. நான் கடைசியாக வந்து சேர்ந்தது அங்கேதான், முதலிலேயே போயிருக்க வேண்டியதும் அங்கேதான். வேணியர் இடுக்கிமானியை எடுத்துத் தாங்கியை அளந்து, ஃப்ரீகாட் என்ற வரைவு மென்பொருளில் வரைந்தேன். நான்கு தட்டு, இரண்டு துளை, ஓர் உள்மூலை வளைவு. இரண்டு மணி நேரம். கைப்பேசிப் படத்திலிருந்து வந்த மேற்பரப்பில் இருந்த மேடுபள்ளம் தாங்கியுடையதல்ல, படத்தினுடையது. அந்த நடுக்கத்தை நான்முகிகளால் உண்மையாக நிரப்பிவிட்டு, பிறகு நான்முகிகளைத் திருத்த ஐந்து இரவு உட்கார்ந்திருக்கிறேன்.

வரைய முடியாத பொருள்களும் இருக்கின்றன. தேரின் யாளிச் சிற்பம், பவளப்பாறைக் கல்லால் எழுந்து போரில் சிதைந்த யாழ்ப்பாணக் கோட்டை மதிலின் ஒரு துண்டு, இவற்றை இடுக்கிமானியால் அளக்க முடியாது. அங்கே எஃப்டெட்வைல்ட்தான். பட்டறையில் வெட்டித் துளைத்துச் செய்த எதுவானாலும் வரைந்துவிடுங்கள்.

தரம் சரி, மூலகமே பிழை

வலை எவ்வளவு அழகாக இருந்தாலும் நான்கு கணு நான்முகி வளைவில் விறைத்துக்கொள்ளும். உண்மையில் வளைவதைவிடக் குறைவாக வளைகிறது என்று சொல்லும். எந்தச் சீராக்கியும் அந்தக் குணத்தை மாற்றாது. பத்துக் கணு நான்முகிக்கு மாறினால் மாறும். விலை நினைவகத்தில்: நான்முகி வலையில் விளிம்புகள் கணுக்களைப் போல் ஏறக்குறைய ஏழு மடங்கு, ஒவ்வொரு விளிம்பின் நடுவிலும் ஒரு கணு சேர்ந்தால் மொத்தம் எட்டு மடங்காகிவிடும். ஆகவே வலையை நுணுக்கிக்கொண்டே போகாமல், பருமனாக்கிவிட்டுப் பத்துக் கணுவுக்குப் போங்கள். வளைந்த மேற்பரப்பில் நடுக்கணு வளைவோடு ஒட்டும்போது மூலகம் உள்ளே மடிந்துவிடாமல் சோதித்துக்கொள்ளுங்கள்.

அறுமுகி மூலகம் இன்னும் நல்லது என்பார்கள். நல்லூருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அறுமுகியை மறுத்துப் பேசக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நீட்டி இழுத்த வடிவங்களுக்கு, அச்சுக்கம்பி, குழாய், தகடு போன்றவற்றுக்கு, அது அருமை. நான்கு தட்டும் இரண்டு துளையும் கூடும் சிக்கலான உருவத்தைக் கையால் கட்டங்களாகப் பிரிக்க ஒரு வாரம் போகும். அந்த வாரம் என்னிடம் இல்லை.

தட்டையான மூலகம் எப்போதும் கெட்டது என்றும் எண்ண வேண்டாம். குடாநாட்டுச் சுண்ணக்கல்லுக்குள் நன்னீர் உவர்நீர் ஓட்டத்தைக் கணக்கிடும் மாணவர் ஒருவர், மூலகங்கள் சப்பையாக இருக்கின்றன என்று கவலையோடு வந்தார். பத்துக்குப் பத்துக் கிலோமீற்றர் பரப்பு, 30 மீற்றர் ஆழம். 200 மீற்றர் அகலமும் 5 மீற்றர் உயரமுமாக அடுக்கினால் 15,000 மூலகம். 5 மீற்றர்க் கனசதுரங்களாக அழகுபடுத்தினால் 2 கோடியே 40 இலட்சம். நீர் பெரும்பாலும் கிடையாகவே ஓடும் இடத்தில் சப்பைதான் சரி. ஆனால் அதை நான்முகியாக வெட்டாமல் அடுக்குப் பட்டகங்களாக வைக்கச் சொன்னேன். சப்பையான நான்முகியில் 180ஐ நெருங்கும் கோணம் வரக்கூடும், பட்டகத்தில் வராது.

என் தாங்கிக்கு வருகிறேன். வரைந்த உருவம், ஜிமெஷின் பருமனான வலை, நெட்ஜென் சீராக்கம் ஒருமுறை, பத்துக் கணு நான்முகி. ஆறு இலட்சத்துக்குப் பதிலாக எழுபதாயிரத்துக்குக் குறைவான மூலகம். மடிக்கணினி மூச்சுத் திணறவில்லை. தட்டையின் நடுவில் இருந்த சிவப்பு இல்லை. உள்மூலை வளைவின் ஓரத்தில் சிவந்திருந்தது. வலையை ஒரு படி நுணுக்கிப் பார்த்தும் அங்கேயே, அதே அளவில் நின்றது.

பட்டறைக்காரரிடம் படத்தைக் காட்டினேன். இந்த முறை திரையைத் துடைக்கவில்லை. எழுந்து போய்ப் பழைய தாங்கியை எடுத்துவந்து, அதே உள்மூலையில் யாரோ எப்போதோ ஒட்டுப்போட்டிருந்த தழும்பைக் காட்டினார். தடிப்பு அப்படியே இருக்கட்டும், வளைவை 6 மில்லிமீற்றரிலிருந்து 12 ஆக்குவோம் என்று முடிவாயிற்று. தாங்கி இப்போது தேர்முட்டியில் இருக்கிறது.

முட்டுக்கட்டை மோதலை மட்டும் நான் இன்னும் கணக்கிடவில்லை. தாங்கியின் கடைசி வலையில் 9 பாகையில் நான்கு சிராய் மிஞ்சியிருக்கிறது. நிலையான பாரத்துக்கு அவற்றால் கேடில்லை என்று விட்டுவைத்தேன். மோதலுக்கு அவற்றை எடுக்க வேண்டும். அடுத்த திருவிழாவுக்கு இன்னும் நாள் இருக்கிறது.